இளங்கன்றுக்குப் பயம் தெரியும்: பதின்பருவத் துணிச்சல் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் இரண்டு மூன்று பேர் வாசலில் தயங்கி நிற்பார்கள். மதிப்பெண் பற்றி ஏற்கெனவே பேசியாகிவிட்டது. இது வேறு. "சார், வண்டியை ரொம்ப வேகமா ஓட்டுறான்." "ஃபுட்போர்டுல தொங்கிட்டுப் போறானாம், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துட்டு வந்து சொன்னார்." "நல்ல பையன் சார், ஆனா ஏன் இப்படிப் பண்றான்னு புரியல." மேல்நிலை வகுப்பு ஆசிரியராக இந்தக் கேள்விகளுக்குப் பல வருடம் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். பிறகுதான் உளவியல் ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கண்டறிந்ததைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

இளங்கன்று பயமறியாது என்பார்களே, இந்த வயதில் பயமே இருக்காதா?

இருக்கும். கார்னெல் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் வலேரி ரெய்னா இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். பதின்வயதினர் பல ஆபத்துகளை உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதுதான் அவரும் மற்றவர்களும் கண்டது. ஆபத்து தெரிகிறது, பயமும் இருக்கிறது. ஆனால் தெரிந்ததும் அவர்கள் நின்றுவிடுவதில்லை. மனதில் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: அடிபட இவ்வளவு வாய்ப்பு, கிடைக்கப்போகும் கெத்து இவ்வளவு, ஒரு தடவைதானே. அந்தக் கணக்கில் பல நேரம் கெத்து ஜெயித்துவிடுகிறது.

பெரியவர்கள் அந்தக் கணக்கையே போடுவதில்லை. ஒரு பரிசோதனையில் இரண்டு வயதினரிடமும் "சுறாமீன்களோடு நீந்துவது நல்ல யோசனையா?" "தலைமுடிக்குத் தீ வைத்துக்கொள்வது நல்ல யோசனையா?" என்கிற மாதிரிக் கேள்விகளைக் கேட்டார்கள். எல்லோருமே இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் பதின்வயதினருக்கு அந்த "இல்லை" வர ஒரு நொடியின் சிறு பங்கு கூடுதலாகப் பிடித்தது. நமக்கு அந்தக் காட்சி மனதில் வந்த உடனே வயிற்றைப் பிசைந்து பதில் வந்துவிடுகிறது. அவர்கள் யோசித்துச் சொல்கிறார்கள். யோசிக்காமல் செய்கிறான் என்று நாம் திட்டுகிறோம், ஆனால் யோசிக்கவே தேவையில்லாத இடத்தில் உட்கார்ந்து யோசிப்பதுதான் அங்கே நடக்கிறது.

பதினைந்து வயதில் எங்கள் ஊர்க் கிணற்றில் பம்ப்செட் அறை மேலிருந்து குதித்திருக்கிறேன். தண்ணீருக்கு அடியில் எந்தப் பக்கம் பாறை இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலே நின்றபோது கால் நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கீழே ஐந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

தெரிந்தும் ஏன் செய்கிறார்கள்? மூளையில் என்னதான் நடக்கிறது?

டெம்பிள் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் போன்றவர்கள் இதை இரண்டு அமைப்புகளாகப் பிரித்து விளக்குகிறார்கள். ஒன்று, சந்தோஷத்தையும் பரிசையும் தேடி ஓடும் அமைப்பு. டோபமின் என்ற வேதிப்பொருள் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. பருவமடையும் காலத்தில் இது மிகவும் கூர்மையாகிவிடுகிறது. பாராட்டு, வேகம், புதுசு எதுவாக இருந்தாலும் அந்த வயதில் இனிப்பது போல வேறெந்த வயதிலும் இனிப்பதில்லை. இன்னொன்று, நிதானிக்கவும் அடக்கவும் திட்டமிடவும் உதவும் அமைப்பு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி இதன் முக்கிய இடம். இது மெதுவாக, இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே போகிறது. முதலாவது பாய்ந்து முன்னே போய்விட, இரண்டாவது பின்னால் நடந்து வருகிறது. நடுவில் இருக்கும் அந்தச் சில வருடங்கள்தான் உங்களைத் தூங்கவிடாத வருடங்கள்.

இது மேல்நாட்டுப் பிள்ளைகளின் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்டைன்பெர்க்கின் குழு 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டது. கென்யா, சீனா, ஜோர்டான், தாய்லாந்து, சுவீடன் எல்லாம் அதில் உண்டு. இந்தியாவும் உண்டு. பரபரப்பைத் தேடும் ஆசை ஏறத்தாழ 19 வயதில் உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது என்பதும், சுயக்கட்டுப்பாடு இருபதுகளின் நடுவில்தான் நிலைபெறுகிறது என்பதும் பொதுவாகத் தெரிந்தன. நாட்டுக்கு நாடு அளவு கொஞ்சம் மாறியது.

இந்த விளக்கத்தை எல்லா ஆய்வாளர்களும் அப்படியே ஏற்கவில்லை. டேனியல் ரோமர் போன்றவர்கள், பெரும்பாலான பதின்வயதினர் பெரிய ஆபத்து எதிலும் இறங்காமலேயே இந்த வயதைக் கடந்துவிடுகிறார்கள், வளரும் மூளைதான் முழுக் காரணம் என்றால் எல்லோரும் அல்லவா இறங்கியிருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் வகுப்பறையும் அதையேதான் சொல்கிறது. நாற்பது பேரில் என்னை உண்மையாகக் கலங்கவைப்பவர்கள் நான்கைந்து பேர்தான்.

வீட்டில் அவ்வளவு சமர்த்தாக இருக்கிறான். நண்பர்களோடு சேர்ந்தால் மட்டும் ஏன் வேறு ஆள் ஆகிவிடுகிறான்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2005-இல் மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். மூன்று பிரிவு: 13 முதல் 16 வயது, 18 முதல் 22 வயது, 24-க்கு மேல். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்களோ அவ்வளவு புள்ளி. ஆனால் எந்த நொடியிலும் விளக்கு சிவப்பாகி மோதல் நடக்கலாம், சேர்த்ததெல்லாம் போய்விடும். சிலர் தனியாக ஆடினார்கள். சிலர் தங்கள் வயதுக்காரர் இருவர் பக்கத்தில் இருக்க ஆடினார்கள்.

தனியாக ஆடியபோது மூன்று வயதினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்தில் இருவர் இருந்தபோது சிறுவர்கள் எடுத்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கல்லூரி வயதினரிடம் அது பாதி அளவு கூடியது. பெரியவர்களிடம் மாற்றமே இல்லை.

2011-இல் ஜேசன் செய்ன் தலைமையில் இதேபோன்ற விளையாட்டை மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் வைத்து ஆடச்செய்தார்கள். நண்பர்கள் வேறு அறையில் இருந்து திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நண்பன் பார்க்கிறான் என்று தெரிந்த மாத்திரத்தில் பதின்வயதினரின் மூளையில் பரிசைத் தேடும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன, ஆபத்தும் கூடியது. பெரியவர்களிடம் அப்படி நடக்கவில்லை. "டேய், போடா, அடிச்சு ஓட்டுடா" என்று யாரும் காதுக்குள் கத்த வேண்டியதில்லை என்பது இதில் தெரிகிறது. இரண்டு கண்கள் பார்த்தாலே போதும்.

இதை வைத்து நம் ஊர்த் தெருவைப் பாருங்கள். டியூஷனுக்குத் தனியாக ஸ்கூட்டியில் போகும்போது வேகத்தடைக்கு வேகம் குறைக்கிற அதே பிள்ளை, பின்னால் இரண்டு பேர் ஏறி டிரிபிள்ஸ் ஆனதும் குறைப்பதில்லை. சென்னையில் ஒரே பேருந்து வழித்தடத்தில், ஒரே ரயில் பாதையில் வரும் கல்லூரி மாணவர்கள் தங்களுக்குள் ஒருவனை "ரூட் தல" என்று ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தப் பட்டத்துக்கு அர்த்தம் இருப்பதே பார்க்கிற கூட்டம் இருப்பதால்தான். ஆள் இல்லாத பேருந்தில் படிக்கட்டில் தொங்குகிற பையனை நான் இதுவரை பார்த்ததில்லை.

அப்படியானால் சேர்க்கைதான் சரியில்லை. நண்பர்களை வெட்டிவிடச் சொல்லலாமா?

வேண்டாம். மேலே சொன்ன பரிசோதனையில் கெட்ட நண்பர்கள் யாரும் இல்லை. நல்ல பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்தாலும் அதுவே நடக்கும். உங்கள் பையனைப் பற்றி அந்த இன்னொரு பையனின் அம்மாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். மாற்ற வேண்டியது அவர்கள் ஒன்றாக இருக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதை. ஐந்து நண்பர்களும் ஒரு கபடித் தளமும் என்றால் கவலை இல்லை. ஐந்து நண்பர்களும் இரண்டு பைக்கும் இரவு பதினோரு மணியும் என்றால் கவலைப்படுங்கள்.

"எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறான். அதை நம்பித்தான் சொல்கிறானா?

1967-இல் டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு இரண்டு பெயர் வைத்தார். ஒன்று கற்பனைப் பார்வையாளர்கள்: எல்லோரும் எப்போதும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக ஓர் உணர்வு. முகத்தில் ஒரு பரு வந்தால் பள்ளிக்கே போக மாட்டேன் என்பது இதனால்தான். இன்னொன்று தன்னைப் பற்றிய தனிக்கதை: மற்றவர்களுக்கு நடப்பது தனக்கு நடக்காது, தான் வேறு மாதிரி என்ற நினைப்பு. இரண்டாவதைப் பின்வந்த ஆய்வுகள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. அடிபடுமா என்று கேட்டுப் பார்த்தால், படும் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

முதலாவதைத்தான் இன்று கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்கைண்ட் எழுதிய காலத்தில் அந்தப் பார்வையாளர்கள் மனதுக்குள் மட்டும் இருந்தார்கள். இன்றைக்கு ரீல்ஸில் நிஜமாகவே இருக்கிறார்கள், எத்தனை பேர் என்று எண்ணிக்கையும் கீழே வருகிறது. வீலிங் செய்யும் பையனுக்குப் பக்கத்தில் யாருமே இல்லாவிட்டாலும் கைப்பேசி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தால் அவன் தனியாக இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா?

பொருந்தும். பரபரப்பைத் தேடும் ஆசை சராசரியாக ஆண் பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதல், ஆனால் வயதோடு ஏறி இறங்கும் விதம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு வண்டியும் தெருவும் இரவும் குறைவாகக் கிடைப்பதால் அவர்களுடைய துணிச்சல் கண்ணில் படுவதில்லை. அது கைப்பேசிக்குள் நடக்கிறது. முன்பின் தெரியாதவரோடு பேச்சு, அனுப்பக் கூடாத படம். விஷயம் வெளியே வந்தால் வீட்டில் விழப்போகும் அடியை நினைத்து அவர்கள் மறைக்கிறார்கள். மிரட்டுகிறவனுக்குப் பலம் கொடுப்பதே அந்தப் பயம்தான். "என்ன நடந்திருந்தாலும் முதலில் என்னிடம் சொல், உன்னைப் படிப்பிலிருந்து நிறுத்த மாட்டேன்" என்று ஒரு அம்மா முன்கூட்டியே சொல்லிவைப்பது பெரிய பாதுகாப்பு.

விபத்துப் படங்களைக் காட்டினால் திருந்த மாட்டார்களா?

இதை மனப்பூர்வமாக நம்பிச் செய்து பார்த்துத் தோற்ற நாடுகள் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், தடம் மாறும் சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துப்போய் ஆயுள் கைதிகளை விட்டுக் கத்த வைத்தார்கள். பயந்துபோய்த் திருந்திவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பு. இந்த மாதிரித் திட்டங்களைப் பின்னாளில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, அழைத்துப்போன பிள்ளைகள்தான் அழைத்துப்போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் காவலர்களே வகுப்புக்கு வந்து போதைக்கு எதிராகப் பாடம் எடுத்த திட்டமும் நாடு முழுக்கப் பரவியது. அதன் பழைய வடிவத்தைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தும் போதைப் பழக்கம் குறைந்ததாகத் தெரியவில்லை.

காரணம் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. ஆபத்து தெரியாதவனுக்குத்தான் ஆபத்தைச் சொல்லித்தர வேண்டும். இவனுக்குத் தெரியும். காலை பத்து மணிக்கு வகுப்பறையில் கேட்டால் உங்களைவிட நன்றாகப் பதில் சொல்வான், மாநில அளவில் கட்டுரைப் போட்டியில் பரிசும் வாங்குவான். நிதானமான நேரத்தில் பதினாறு வயதினரின் தர்க்கம் பெரியவர்களுடையதற்கு அநேகமாகச் சமம் என்றுதான் ஆய்வுகளும் சொல்கின்றன. அந்தத் தர்க்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு, நண்பர்கள் மத்தியில், வண்டி உறுமிக்கொண்டிருக்கும்போது கைகொடுப்பதில்லை.

அதனால் அந்த ஆறு மணியை மாற்றுங்கள் என்கிறேன். கதவு மூடிக்கொள்ளும் பேருந்தில் யாராலும் படிக்கட்டில் தொங்க முடியாது. எத்தனை வருடப் பிரசங்கம் செய்யாததை ஒரு கதவு செய்கிறது.

பிளஸ் டூ முடித்தால் பைக் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். என்ன செய்வது?

முதலில் சட்டம். கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சிசி-க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று சாவியைக் கொடுக்கும்போது இதெல்லாம் நினைவில் இருக்கட்டும். உலக அளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் முதல் காரணம் சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சரி, 18 ஆகிவிட்டது, உரிமமும் எடுத்தாகிவிட்டது. அப்புறம்? நியூசிலாந்து 1987-லேயே ஒரு நல்ல வழி கண்டது. முழு உரிமத்தை ஒரேயடியாகக் கொடுப்பதில்லை, படிப்படியாகக் கொடுப்பது. இடைக்கட்டத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது, அனுபவசாலி துணையில்லாமல் நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பிறகு பல நாடுகள் இதைப் பின்பற்றின, இளம் ஓட்டுநர்களின் விபத்துகளும் குறைந்தன. மேலே சொன்ன மூளை ஸ்கேன் ஆய்வெல்லாம் வருவதற்கு முன்பே அவர்கள் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்கள்: இரவு, பின்னால் உட்காரும் நண்பன்.

நம் சட்டத்தில் இப்படி இல்லை. ஆனால் உங்கள் வீட்டில் இருக்கலாம். முதல் ஆறு மாதம் பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை, இரவு ஒன்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை, தலைக்கவசம் இல்லாமல் சாவி இல்லை. வண்டி வாங்கும் முன்பே பேசி முடியுங்கள். வாங்கிய பிறகு பேசினால் அது தண்டனை மாதிரித் தெரியும். இன்னொன்று, வண்டியைத் தேர்ந்தெடுப்பது நீங்களாக இருங்கள். பதினெட்டு வயதுக்காரனுக்கு முதல் வண்டியாக 200 சிசி தேவையில்லை. அவன் முகம் தொங்கிப்போகும். போகட்டும்.

கண்டிப்பாக இருப்பதா, விட்டுப்பிடிப்பதா?

கைப்பேசியை ரகசியமாக நோண்டுவதால் அதிகம் தெரியவராது. 2000-இல் சுவீடனில் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் செய்த ஆய்வில், பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிந்த வீடுகளில் பிரச்சினை குறைவாக இருந்தது உண்மைதான். ஆனால் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் பிள்ளையே வந்து சொல்லித்தான். வேவு பார்த்து இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்ளும் முகம் உங்களுடையதா என்று யோசியுங்கள்.

அதற்காக எல்லை இல்லாமல் விட வேண்டாம். ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதினரில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்தில் குடித்துப் போதையாகியிருந்தார்கள். 2016-இல் அது 5 விழுக்காடு. இடையில் அவர்கள் செய்தவை: விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்கு நகராட்சிப் பணம், பெற்றோர் ஒருவரோடொருவர் பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள், 13 முதல் 16 வயதுவரை குளிர்காலத்தில் இரவு பத்துக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது என்ற சட்டம். கண்டிப்பும் உண்டு, அந்த ஆசைக்கு வேறு தீனியும் உண்டு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது பெற்றோர் ஒப்பந்தம். "எல்லார் வீட்லயும் விடுறாங்க, நீங்க மட்டும்தான்" என்ற வாதம் அதோடு முடிந்துபோகிறது. உங்கள் பிள்ளையின் நான்கு நண்பர்களின் பெற்றோர் எண்கள் உங்களிடம் இருக்கின்றனவா?

இந்தத் துணிச்சலால் நல்லது எதுவும் கிடையாதா?

நிறைய. 2012-இல் அக்னியேஷ்கா டிமுலாவும் சக ஆய்வாளர்களும் 12–17 வயதினரையும் 30–50 வயதினரையும் பணப் பந்தயங்களில் ஒப்பிட்டார்கள். தோற்கும் வாய்ப்பு இவ்வளவு என்று தெளிவாகச் சொன்னபோது சிறியவர்கள் பெரியவர்களைவிட ஜாக்கிரதையாகவே இருந்தார்கள். வாய்ப்பு எவ்வளவு என்றே தெரியாதபோதுதான் பெரியவர்கள் பின்வாங்கினார்கள், சிறியவர்கள் முன்னே போனார்கள். தெரியாததை நோக்கிக் காலெடுத்து வைக்கும் இந்தக் குணம் இல்லாவிட்டால் ஒருவரும் ஊரைவிட்டுப் போய்ப் படிக்க மாட்டார்கள், புது மொழி பேச வாய் திறக்க மாட்டார்கள். முதல் முறை மேடையேறிப் பேசும் மாணவிக்கு, சிலம்பத்தில் தன்னைவிடப் பெரியவனோடு நிற்கும் பையனுக்கு, அதே நெஞ்சுத் துடிப்புதான். மேடையிலும் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது, அதனால் கெத்துக்குக் குறைவில்லை.

தூக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. பருவ வயதில் உடலின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது, சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. காலை ஐந்தரைக்கு டியூஷன் என்றால் இழப்பு இழப்புதான். தூக்கம் குறைந்த மூளைக்கு அடக்கும் திறனும் குறையும்.

எப்போது உண்மையாகவே பயப்பட வேண்டும்?

பார்க்க யாருமே இல்லாதபோதும் ஆபத்தைத் தேடிப்போனால். முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால். "நான் இருந்தா என்ன, போனா என்ன" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், உடம்பைத் தானே காயப்படுத்திக்கொண்டால், குடியோ மாத்திரையோ அன்றாடமானால். இவை வயதுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடியவை இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். சிறுவர்களுக்கான உதவி எண் 1098. பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால் நீங்களே முதலில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நேற்று ராத்திரி பைக் ரேஸ் போனது இன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் இப்போது வீட்டுக்கு வருவான். என்ன பேசுவது?

வந்ததும் பேசாதீர்கள். சாப்பிடட்டும். தம்பி தங்கை, தாத்தா பாட்டி முன்னால் பேசாதீர்கள். பார்வையாளர்கள் இருந்தால் அங்கேயும் அவன் கெத்தைத்தான் காப்பாற்றிக்கொள்வான். தனியாகக் கூப்பிட்டு, தெரியும் என்று நேராகச் சொல்லுங்கள், பொறி வைத்துக் கேட்க வேண்டாம். எத்தனை பேர், யார் ஆரம்பித்தது, வேண்டாம் என்று எந்த இடத்திலாவது தோன்றியதா என்று கேளுங்கள். அநேகமாகத் தோன்றியிருக்கும். அந்த இடத்தில் அவனால் ஏன் சொல்ல முடியவில்லை என்பதுதான் நீங்கள் இருவரும் சேர்ந்து பேச வேண்டியது.

வண்டிச் சாவி சில வாரங்கள் உங்களிடம் இருக்கட்டும், எத்தனை வாரம் என்று தேதியோடு சொல்லுங்கள். அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நண்பர்கள் நடுவில் மாட்டிக்கொண்டால் அவன் உங்களுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். நீங்கள் உடனே திருப்பி அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கடா இருக்க? உடனே கிளம்பி வா" என்று கத்த வேண்டும். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எங்கப்பா ஒரு டார்ச்சர்டா" என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வரலாம். அன்று இரவு அவனிடம் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள்.